கணக்கு முள்ளோடையில் முடிந்துவிடக் கூடாது

புதுச்சேரி சுகாதாரத் துறைக்கும் கடலூர், விழுப்புரம் மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

கொரோனாவைத் தமிழ்நாடு சமாளித்துவிட்டது, புதுச்சேரி கோட்டை விட்டது என்ற பேச்சு கடலூர்ப் பக்கம் இன்றும் காதில் விழுகிறது. எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால், எங்கள் ஊரில் ஒளிவுமறைவில்லாமல் எண்ணினார்கள், அவ்வளவுதான் என்பார்கள். இரண்டு தரப்பும் கையில் வைத்திருப்பது ஒரே எண்களைத்தான். அந்த எண்களைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதாலும், தீர்க்கக்கூடிய விவரம் உங்கள் அலுவலகங்களில் இருப்பதாலும் இம்மடலை எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டின் அரசுக் கணக்கில் ஏறிய கொரோனா மரணங்கள் ஏறத்தாழ 38,000. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1,960-ஐ ஒட்டியவை. 2011 கணக்கெடுப்பின்படி முறையே 7.21 கோடி, 12.48 லட்சம் என்ற மக்கள்தொகையால் வகுத்தால், லட்சம் பேருக்கு 53 என்றும் 157 என்றும் வருகிறது. மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் தொற்று உறுதியானவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இறந்தார்கள் என்று பார்த்தால், தமிழ்நாட்டில் 1.1, புதுச்சேரியில் 1.2 என்று இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. ஏனென்றால் புதுச்சேரியில் நூறு பேரில் 13 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது, தமிழ்நாட்டில் ஐந்து பேருக்கும் குறைவு. முதல் விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் புதுச்சேரி தோற்றது, இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் சமநிலை. புதுச்சேரியில் பரிசோதனை மட்டுமே கூடுதலாக நடந்திருந்தால் லேசான தொற்றுகள் அதிகம் சிக்கி, இரண்டாவது விகிதம் இறங்கியிருக்க வேண்டும், அது இறங்கவில்லை. ஆகவே தொற்றே அங்கு அதிகம் பரவியிருக்கலாம், இறந்தவர்களை அங்கு முழுமையாக எண்ணியிருக்கலாம், அல்லது வெளியூர் நோயாளிகள் அங்கே வந்து இறந்திருக்கலாம். மூன்றும் கலந்திருக்கவும் கூடும்.

ஒரு நகரத்தை ஒரு மாநிலத்தோடு ஒப்பிடுவதே சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. புதுச்சேரியில் 68 விழுக்காட்டினர் நகரவாசிகள், தமிழ்நாட்டில் 48. சென்னை மாவட்டத்தோடு ஒப்பிடலாமே என்றால், அங்கே இன்னொரு சிக்கல். சென்னையில் பதிவான சுமார் 9,000 மரணங்களை 2011 கணக்கெடுப்பு காலத்து மாவட்ட மக்கள்தொகையான 46.5 லட்சத்தால் வகுத்தால் லட்சத்துக்கு 194; மாவட்டம் விரிவான பிறகுள்ள பரப்பின் 67 லட்சத்தால் வகுத்தால் 134. புதுச்சேரியின் 157 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வகுக்கும் எண்ணை மாற்றினாலே வெற்றி தோல்வி இடம் மாறும் பட்டியலை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் வாதிட்டோம் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

வெளியூர் நோயாளிகளின் கேள்வி எங்கள் மாவட்டத்தாருக்கு நேரடியானது. கடலூர், விழுப்புரம் மக்களுக்கு உடம்பு முற்றினால் முதலில் நினைவுக்கு வருவது புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர்தான். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் நேர்ந்த இடத்தில்தான் அதைப் பதிய வேண்டும். பண்ருட்டிக்காரர் ஜிப்மரில் இறந்தால் சான்றிதழ் உழவர்கரை நகராட்சியில். இது சட்டத்துக்குச் சரி, விகிதத்துக்குச் சரியில்லை: வகுபடும் எண்ணில் இருப்பது புதுச்சேரியில் நேர்ந்த மரணம், வகுக்கும் எண்ணில் இருப்பது புதுச்சேரியில் வாழும் மக்கள். இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நடந்தது. கேரளத்தால் சூழப்பட்ட புதுச்சேரிப் பகுதியான மாஹேயைச் சேர்ந்த முதியவர் ஒருவர் 2020 ஏப்ரலில் கண்ணூர் மாவட்டத்துப் பரியாரம் மருத்துவக் கல்லூரியில் இறந்தபோது, அது கேரளக் கணக்கா, புதுச்சேரிக் கணக்கா என்று சர்ச்சை எழுந்தது. மாஹேயின் மக்கள்தொகை 41,816. அங்கே ஒரே ஒரு மரணம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் லட்சத்துக்கு 2.4 நகர்ந்துவிடும்.

இதைச் சரிசெய்யப் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் புழக்கத்தில் இருந்த இறப்பு அறிக்கையான படிவம் 2-ஐ எடுத்துப் பாருங்கள். சட்டத் தகவல், புள்ளியியல் தகவல் என்று அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி இறந்த இடத்தைக் கேட்கிறது. இரண்டாவது, இறந்தவர் வாழ்ந்த ஊர், மாவட்டம், மாநிலம் ஆகியவற்றைத் தனியாகக் கேட்கிறது. புகையிலை போட்டாரா, பாக்கு மென்றாரா, எத்தனை ஆண்டுகளாக என்றுகூட அது விடாமல் விசாரிக்கிறது. துக்க வீட்டார் நின்றுகொண்டே சொன்ன அந்த விடைகள் மேலிடத்துக்கு அனுப்பத்தான் எழுதப்பட்டன. அவற்றில் வாழ்ந்த ஊர் என்ற ஒரு விடையைப் பட்டியலிட்டாலே பாதி வாதம் ஓய்ந்துவிடும்.

மீதிப் பாதி, எதைக் கொரோனா மரணம் என்று எழுதினார்கள் என்பது. இணைநோய் இருந்தவருக்கு மாரடைப்பு என்று எழுதி முடித்த இடங்கள் உண்டு. பரிசோதனை செய்த 30 நாட்களுக்குள் இறந்தால் கொரோனா மரணமே என்ற விளக்கம் 2021 செப்டம்பரில்தான், உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு வந்தது. தமிழ்நாடு 2020 ஜூலையில் விடுபட்ட 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தது. பீகார் 2021 ஜூனில் 3,951-ஐச் சேர்த்தது. ஆகவே காரணத்தை விட்டுவிட்டு மொத்த மரணங்களை எண்ணுவதே நம்பகமான வழி. நாடு முழுவதும் 2019-இல் பதிவான மரணங்கள் 76.4 லட்சம், 2020-இல் 81.2 லட்சம், 2021-இல் 1.02 கோடி. பல மாநிலங்களில் இந்த உயர்வின் ஒரு பங்கு பதிவுப் பழக்கம் கூடியதால் வந்தது என்று சொல்லலாம். நம் பகுதியில் அந்தச் சமாதானம் எடுபடாது. இங்கே சான்றிதழ் இல்லாமல் வாரிசுப் பெயரில் எதுவும் மாறாது என்பதால், முன்பிருந்தே அநேகமாக எல்லா மரணங்களும் பதிவாகிவிடுகின்றன.

எனவே 2018 முதல் 2022 வரை பதிவான எல்லா மரணங்களையும், வாழ்ந்த மாவட்டம், வயதுப் பிரிவு, மாதம் ஆகியவற்றின்படி, புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்றுக்கும் ஒரே அட்டவணையாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். முதியோர் அதிகமுள்ள ஊரை இளையோர் அதிகமுள்ள ஊரோடு நேர்ப்பட ஒப்பிட முடியாது என்பதால் வயதுப் பிரிவை விட்டுவிட வேண்டாம். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் புதுச்சேரியோடு சேர்த்துச் சராசரி போடாமல், அவற்றைச் சுற்றியுள்ள நாகப்பட்டினம், கண்ணூர், காக்கிநாடா பகுதிகளோடு தனித்தனியே வைத்துக் காட்டுவது பொருத்தம். மாஹே, ஏனாம் போன்ற சிறிய ஊர்களில் இறந்தவர் இன்னார் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடும். அங்கு மட்டும் மாதத்துக்குப் பதிலாகக் காலாண்டு எண்களைத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம்வாசி ஒருவர், கடலூர்