சலைன் பாட்டிலை மறக்காதவர்களுக்கு

ஆய்வகத்தாருக்கும், ஸ்கேன் அறை மருத்துவர்களுக்கும், தியேட்டரிலும் வார்டிலும் உள்ள சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

கருத்தரிப்பு சிகிச்சையில் லைனிங் (கருப்பையின் உட்சவ்வு) வளராமலும், தங்கிய கரு திரும்பத் திரும்பக் கலைந்தும் தவிக்கும் தம்பதிகளுக்குத் துணைநிற்கும் எங்கள் குழு எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி ஆய்வகத்துக்கு. கருப்பை உட்சவ்வில் எடுத்த துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வைக்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, முடியாது. மறுபடி அதே வலி, அதே செலவு. நம் நாட்டில் லைனிங் மெலிவதற்கும் கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொள்வதற்கும் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் ஒரு பங்கை சலைனிலும் (உப்புநீர்) மறு பங்கை ஃபார்மலினிலும் கேட்டு வாங்குகிறீர்கள். பெயரை மூடியில் எழுதாமல் பாட்டிலின் மேலேயே ஒட்டுகிறீர்கள். மூடி மாறிப்போகலாம் அல்லவா! கலைந்த கருவின் மரபணுச் சோதனைக்கும் சலைன்தான். அந்தத் திசுவைக் கழுவி, தாயின் சவ்வை ஒதுக்கி, கருவைச் சேர்ந்த இழைகளை மட்டும் பொறுக்குகிறீர்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் தாயின் செல்களே வளர்ந்து, '46 எக்ஸ் எக்ஸ்', அதாவது குறையில்லாத பெண் குரோமோசோம்கள், என்று முடிவு வரும். கருவில் குறையே இல்லை என்று எல்லோரும் தவறாக நம்பிவிடுவோம்.

லைனிங் வளர எஸ்ட்ராடியால் ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. மூன்று வேளை போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம் 6.5 மி.மீ. லைனிங் தடிமனை ஏழு என்று சொல்லித் தேற்றாத ஸ்கேன் மருத்துவர்களே, உங்களுக்கும் நன்றி. உள்ளே நீர் நின்றால் அதைக் கணக்கில் சேர்க்காமல் அளந்து, லைனிங் நன்றாக வளர்வதைக் காட்டும் மூன்று கோடு தெரிகிறதா என்றும் குறித்துத் தருகிறீர்கள். ஏழுக்குக் கீழே வாய்ப்பு குறையும், இல்லாமல் போய்விடாது என்று நீங்கள் சொல்வது பலருக்குப் பெரிய பலம்.

கலைந்த கருவைக் க்யூரட் என்ற கூரிய சுரண்டு கருவியால் சுரண்டாமல் உறிஞ்சி எடுக்கும் மருத்துவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சுரண்டும்போது லைனிங்கின் அடிப்படலம் பெயர்ந்தால் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். 1948இல் ஆஷர்மன் என்ற மருத்துவர் விளக்கி எழுதியது அதைத்தான்.

ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கக்கூடிய பாஸ்போலிப்பிட் எதிர்ப்புப் பொருள் ஒருமுறை பாசிட்டிவ் வந்ததுமே முடிவுகட்டாமல், 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறவர்களுக்கும் நன்றி. உறுதியானபின் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. "ஊசிக்குள்ள இருக்கிற காத்துக் குமிழியை வெளியே தள்ளாதீங்கம்மா, தொப்புளைவிட்டு ரெண்டு அங்குலம் தள்ளி, தோலை மடிச்சுப் பிடிச்சுப் போடுங்க, தேய்க்காதீங்க" என்று நாலு தரம் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர்களே, நீலம் பூக்காத வயிறுகளெல்லாம் உங்கள் புண்ணியம்.

கரு கலைந்து வருகிறவரைப் பிரசவ வார்டில் படுக்கவைக்காமல், குழந்தை அழும் சத்தம் எட்டாத கட்டிலைக் கேட்டு வாங்கித் தரும் ஆயா அக்காக்களே, உங்கள் கைகளைப் பிடித்துக்கொள்கிறோம்.