செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நம் மெல்லிசைக் குழுக்களின் சங்கத் தலைவர் அவர்களுக்கும், மேடையிலும் மேடைக்குப் பின்னும் உழைக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைச் சபையில் படித்து யாரையும் நெளிய வைக்கும் எண்ணம் எனக்கில்லை. செயற்குழு மாதந்தோறும் கூடியது. அடையாள அட்டைகள் புதுப்பிக்கப்பட்டன. மற்றபடி இந்த ஆண்டில் நம் நேரத்தையும் தொண்டையையும் அதிகம் வாங்கிக்கொண்டது ஒரே விவகாரம்: தாளத்துக்கேற்பத் தானே எரியும் மேடை விளக்கு.

ஆடி மாதக் கச்சேரிகளில் இது சூடு பிடித்தது. வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த அம்மன் கோயில் விழாக் குழுவிடம் பேசினாலும், “தொலைக்காட்சியில் வருவதுபோல் லைட் ஆட வேண்டும்” என்பதே முதல் நிபந்தனை. நம் குழுக்கள் பலவும் ‘பார்’ எனப்படும் வட்டமான எல்இடி மேடை விளக்குகளைப் பின்பக்கப் பொத்தானால் ‘சவுண்ட்’ நிலைக்கு மாற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டன. அந்த விளக்குக்குள் இருக்கும் சிறு மைக்குக்குத் தபேலாவும் ஒன்றுதான், ஜெனரேட்டர் உறுமலும் ஒன்றுதான். நன்கொடையாளர் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கும்போது மேடை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் குதித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூரமும் ஒரு சிக்கல். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது. டிரம்ஸிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கும் விளக்கின் மைக்கை அடி எட்டுவதற்கே 29 மில்லி வினாடி ஆகிவிடும். முன்னால் நிற்கும் விளக்கு ஒரு கணமும் பின்னால் நிற்பது இன்னொரு கணமுமாக மின்னும்.

ஆகவே, காற்றில் வரும் ஒலியை நம்பாமல் வாத்தியத்திடமே சைகை வாங்குவது என்று செயற்குழு முடிவெடுத்தது. இதற்குப் பெரும் செலவு தேவைப்படவில்லை, ஏனென்றால் பாதி வசதி ஏற்கெனவே நம் மேடையில் இருக்கிறது. மெல்லிசைக் குழு எதுவானாலும், குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவியான ஆக்டோபேட் இல்லாமல் இருக்காது. 1985இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆக்டோபேடுக்குச் சொந்தக் குரலே கிடையாது. மின்னணு வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பும் மிடி என்ற முறை வழியாகப் பிற கருவிகளை ஒலிக்க வைப்பதுதான் அதன் வேலை. இன்றைய பேடுகளிலும் மிடி வெளியீடு இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஓர் எண்ணும், அடியின் வலுவுக்கு 1 முதல் 127 வரை ஒரு மதிப்பும் கணினிக்குப் போகின்றன. க்யூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருள் அதை வாங்கி, மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் முறைக்கான யுஎஸ்பி கருவி மூலம் விளக்குகளுக்கு அனுப்புகிறது. எந்தப் பேடுக்கு எந்த விளக்கு என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். வலுவின் மதிப்பை வெளிச்சத்தோடு இணைத்துவிட்டால், ஓங்கி அடித்தால் பிரகாசமாகவும் தட்டிக்கொடுத்தால் மங்கலாகவும் எரியும்.

டோலக்கும் பறையும் மிடி பேசாதவை. டோலக்குக்கு மிக்ஸரில் அதன் சேனலிலிருந்து மட்டும் ஆக்ஸ் என்ற தனி வெளியீடு வழியாக ஒலியைப் பிரித்தெடுத்து, இடந்தலையின் (இடது பக்கத் தோலின்) கீழ்ச்சுருதியை மட்டும் வடிகட்டிக் கொடுத்தோம். மொத்தக் கலவையிலிருந்து எடுத்தால் பாடகர் இருமினாலும் விளக்கு எரியும். காலால் அடிக்கும் கிக் டிரமுக்கு, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய, அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ தட்டுகளைத் தோலில் ஒட்டி, நம் இளைஞர்களே ஒரு பெட்டி செய்தார்கள். பீசோ பலத்த அடியில் பத்து, இருபது வோல்ட் கூடக் கக்கும் என்பதால் மின்தடையும், மிகை மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் ஜீனர் டையோடும் போட்டுச் சிப்பைக் காத்திருக்கிறார்கள். அடித்த பிறகும் தோல் அதிர்ந்துகொண்டே இருப்பதால் ஓர் அடி மூன்று அடியாகத் தெரியும். அதற்காக ஒவ்வோர் அடிக்கும் பின் 50 மில்லி வினாடி பெட்டி காதை மூடிக்கொள்ளும்படி அமைத்தார்கள். பலகை மேடையில் பேஸ் கிதாரின் அதிர்வே பேடைத் தூண்டிவிட்டது. ஸ்டாண்டின் காலுக்குக் கீழே ரப்பர் மெத்தை போட்டதும் அது அடங்கியது.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கோபத்தோடு. பிளக் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக டிஎம்எக்ஸுக்கு மைக் கேபிளை மாட்டாதீர்கள். இதற்கு 120 ஓம் அளவிலான கேபிள் வேண்டும். சைகை கேபிளின் முனையில் மோதித் திரும்பாதபடி, கடைசி விளக்கில் 120 ஓம் முடிப்பான் என்ற சிறு பிளக்கும் வேண்டும். ‘விளக்குப் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது’ என்று வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை முடிப்பானை மாட்டச் சொன்னதும் முடிந்துபோயின.

கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. பார் 64 என்ற 1000 வாட் இழை விளக்குக் காலத்து மூத்த லைட்மேன்கள், ‘எங்கள் வேலையைப் பெட்டி பிடுங்கிக்கொள்ளுமா’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பழைய விளக்கின் இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும், அடிக்கு அடி எரிய அதனால் முடியாது. எல்இடி வந்த பிறகுதான் இது சாத்தியமானது. ஆனால் ஒரு மெல்லிய பாட்டில் சரணம் முடிந்து புல்லாங்குழல் எடுக்கும் இடத்தில் நீலத்தை எவ்வளவு மெதுவாக இறக்குவது என்று எந்தப் பேடும் சொல்லாது. குத்துப்பாட்டுக்குப் பெட்டி, மெலடிக்குக் கை என்று பிரித்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. ஒரு கச்சேரி முழுக்க அடிக்கு அடி விளக்கு வெட்டினால் பார்ப்பவர்களுக்குத் தலைவலிதான் வரும்.

விட்டுவிட்டு வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை இந்த ஏற்பாட்டில் இணைப்பதைச் செயற்குழு தடை செய்திருக்கிறது. வினாடிக்கு 3 முதல் 30 வரையிலான மின்னல்கள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். கோயில் வாசலில் குழந்தைகள்தான் முதல் வரிசை.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி எட்டுக்குத் தொடங்கும் ஊர் இது. விளக்கு அமைக்கக் கிடைப்பது தேநீர் குடிக்கும் நேரம்தான். எனவே அமைப்புகளைக் கணினியில் முன்கூட்டியே சேமித்து, எவ்வளவு வலுவான அடிக்கு விளக்கு எரிய வேண்டும் என்ற தூண்டல் அளவை மட்டும் மேடையில் சரிபார்க்கும் முறையை எல்லாக் குழுக்களுக்கும் கற்றுத்தர ஒரு பயிற்சி வகுப்பு நடத்த உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன்.

பெட்டி, கணினி, கேபிள்கள் சங்க அறையில் இருக்கின்றன. முன்பணம் கட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். மறுநாள் மாலைக்குள் திரும்ப வேண்டும். இரண்டு முடிப்பான்கள் இன்னும் வரவில்லை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தயவுசெய்து உங்கள் கேபிள் பைகளைத் தேடிப் பாருங்கள்.