பல்லைப் பிடுங்கும் முன் நாடியைப் பாருங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் பல், கண், முகம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், அவர்களுக்கு மேலிருக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம். போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் எங்கள் ஆத்தா மயங்கிய விவரம் உங்களுக்குத் தெரியும். இரண்டு மனு கொடுத்தாகிவிட்டது. சீட்டில் 'பயந்த சுபாவம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் அப்பா, அப்பச்சி, பினாங்கிலிருந்த வருஷமெல்லாம் அத்தனை பெரிய வீட்டைத் தனியாகக் கட்டிக்காத்தவர் ஆத்தா.

அவருக்கு வலது கன்னத்தில் முக்கிளை நரம்பு வலி. வீட்டு உள்முற்றமான வளவில் லேசாகக் காற்று வீசினாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி துடித்துப் போவார். பங்குனி வெயிலிலும் ஃபேன் போட விடமாட்டார். முகத்தில் இடது பாதியை மட்டும் ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வார். கவுனியரிசிக் கஞ்சியை இடது கடைவாயோரமாக ஊற்றி, விழுங்கவா வேண்டாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். இதைப் பல்வலி என்று நினைத்து ஏற்கெனவே இரண்டு நல்ல பல் போயிற்று. மூன்றாவதுக்கு அழைத்துப்போனது நான்தான்.

கொறடால் பல்லை இழுத்ததும் ஆத்தாவின் கை நழுவியது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்: 15 நொடிக்கு 9 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 36. நான் கத்தியதும் கொறடை எடுத்தார்கள். நாடி மெல்ல ஏறியது. பயத்திலும் நாடி குறையும், ஒப்புக்கொள்கிறேன். இழுத்தபோது இறங்கி, விட்டதும் ஏறியதற்கும் பயம்தான் காரணமா?

உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். முகத்தின் வலியைச் சுமக்கும் ஐந்தாவது நரம்பு, அதாவது இந்த முக்கிளை நரம்பு, மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து குட்டை நார்கள் வழியாக வேகஸ் நரம்பின் உட்கருவுக்குச் சேதி போகும். வேகஸ் இதயத்தின் கடிவாளம். அது இறுகினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கும். விழியை அழுத்தினால் இதயம் மெதுவாகும் என்று ஆஷ்னர், டாக்னினி என்ற இரண்டு மருத்துவர்கள் 1908-லேயே சொல்லிவிட்டார்கள். மாறுகண் அறுவையில் மயக்க மருத்துவர் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பல் நாற்காலிக்கு மட்டும் ஏன் விலக்கு?

கேட்பது இதுதான்: முகத்தில் கை வைக்கும் முன் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுங்கள். நாடி சரிந்தால் முதலில் கையை எடுங்கள். நாடியை ஏற்றும் மருந்தான அட்ரோபின் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கொரோனா காலத்து ஆக்சிமீட்டர் ஒன்று அன்றைக்கு அந்த மேசை டிராயரிலேயே இருந்தது, பேட்டரி இல்லாமல். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊரெல்லாம் பலகை வைக்கக் காசு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் இருக்கிற கிழவிக்கு இரண்டு பேட்டரி வாங்க இல்லை. அவர் தூணாகவோ ஆத்தங்குடிக் கல்லாகவோ பிறந்திருந்தால் பாதுகாத்திருப்பீர்கள்.

வார்த்தை தடித்துவிட்டது, மன்னிக்கவும். தயவுசெய்து நாடியைப் பாருங்கள். ஆத்தா சீட்டில் 'பயந்த சுபாவம்' என்பதை அடித்துவிட்டு, இழுத்தபோது நாடி 36 என்று எழுதித் தாருங்கள். மதுரையில் நரம்பு மருத்துவர் அதைத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஒரு மகள்