புறா எச்சத்தைவிட முக்கியமானது அந்த ஹீலியம் குடுவை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடித்தது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ரேடியோ ஆன்டெனாவுக்குள் கிடந்த புறா எச்சத்தைச் சுரண்டி எடுத்த கதை நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் சுத்தம் செய்த பிறகும், காரணம் தெரியாமல் வந்துகொண்டிருந்த ரேடியோ இரைச்சல் போகவில்லை என்றதும், அது தங்கள் கருவியின் கோளாறு இல்லை என்று அவர்களால் எப்படித் துணிந்து சொல்ல முடிந்தது? அதைக் கட்டுரை சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம்.

1964-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியிலுள்ள ஹோம்டெல்லில் அவர்கள் வைத்திருந்தது 4080 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர். அதன் முதல் ஆம்ப்ளிஃபையர் திரவ ஹீலியத்தில் குளிரவைத்த ரூபி மேசர் (ரூபி படிகத்தைக் கொண்டு மைக்ரோ அலைகளைப் பெருக்கும் கருவி), அன்றைக்கு இருந்தவற்றில் இரைச்சல் மிகக் குறைந்த வகை. அது மட்டும் போதாது என்று பென்சியாஸ் திரவ ஹீலியத்தில் மூழ்கிய ஒரு லோடையும், அதாவது தன் வெப்பநிலைக்கேற்ற, முன்பே தெரிந்த அளவு இரைச்சலைத் தரும் ஒரு பொருளையும், செய்து வைத்தார். ரிசீவரை ஆன்டெனாவுக்கும் அந்த லோடுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட்டார்கள், அந்தக் குடுவைதான் அவர்களுடைய எடைக்கல். இரைச்சலை, அதே அளவு இரைச்சல் தரும் பொருளின் வெப்பநிலையாகக் கெல்வினில் சொல்வது வழக்கம். அப்படி ஆன்டெனா பக்கம் 6.7 கெல்வின் வந்தது. அதில் காற்றுமண்டலத்துக்கு 2.3, ஆன்டெனாவின் சொந்த இழப்புக்கும் தரையிலிருந்து வருவதற்கும் சேர்த்து சுமார் 0.9, இதெல்லாம் போக மிஞ்சிய 3.5 கெல்வினுக்குத்தான் 1978-இல் நோபல் பரிசு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்குக் கடையில் டிடிஎச் டிஷ்ஷுக்கு எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் மாட்டும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கினால் பல பெட்டிகளில் நாய்ஸ் ஃபிகர், அதாவது கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு, 0.1 டெசிபல் என்று அச்சடித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது 7 கெல்வினுக்கும் கீழே! மொட்டை மாடி வெயிலில் காயும் எல்என்பிக்குள் இது நடக்காது, ஏனென்றால் டிஷ் வாங்கும் அலைவரிசையான 12 கிகாஹெர்ட்ஸில் நல்ல டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டே தனி டிரான்சிஸ்டருக்கு 0.3 டெசிபல் அளவில்தான் சொல்கிறது, அதற்கு முன்னால் வரும் ஒவ்வொரு இழப்பும் அப்படியே மேலே ஏறும். அறை வெப்பத்தில் இருக்கும் அரை டெசிபல் இழப்புள்ள கேபிள் ஒன்றே 35 கெல்வின் சேர்த்துவிடும். ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குள் வைக்காமல் டிஷ்ஷின் முகத்திலேயே மாட்டுவது அதனால்தான்.

கல்லூரிகளிலும் இதே குறை. ஆம்ப்ளிஃபையர் வடிவமைக்கும் மாணவர்கள் கணினி சிமுலேஷனில் இரைச்சலுக்கு அழகான எண்ணைக் காட்டுகிறார்கள், போர்டு செய்து வந்ததும் கெயினை, அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது வேறெங்கோ ஒரு அலைவரிசையில் ஆஸிலேட் ஆகி, தானாகவே சிக்னல் உண்டாக்கிக்கொண்டிருந்தால்கூடத் தெரியாது. இத்தனைக்கும் சோதனை எளிதுதான். ஒரு 50 ஓம் லோடை அறை வெப்பத்தில் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் இணைத்து வெளியே வரும் பவரை அளக்க வேண்டும், அப்புறம் அதே மாதிரி லோடைத் திரவ நைட்ரஜனில், அதாவது 77 கெல்வினில், மூழ்கவைத்து மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டின் விகிதத்திலிருந்து ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் வெப்பநிலை நேராகக் கிடைக்கும். 35 கெல்வின் ஆம்ப்ளிஃபையர் என்றால் வித்தியாசம் 4.7 டெசிபல் வரும், அதில் 0.1 தவறினாலே விடை சுமார் 4 கெல்வின் நகர்ந்துவிடும், ஆகவே கனெக்டரை ஒரே இறுக்கத்தில் முடுக்குவது முதல் பக்கத்தில் இருக்கும் செல்போனை அணைப்பது வரை கவனம் வேண்டும். இந்தக் கவனம் எந்த சாஃப்ட்வேரிலும் வராது.

திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது என்பார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் இடங்களில் விந்துக் குச்சிகளைக் காப்பது அதில்தான், அது பல ஊர்களில் கிடைக்கும். சரியான குடுவை, கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான அறை இருந்தால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் துறை உள்ள ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் அடுத்த பருவத்திலேயே இதை ஆய்வக வகுப்பில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர்,
திருச்சி