மருந்து கெட்டிக்கும் முன்

அன்புள்ள சேகர்,

படங்கள் வந்தன. பென்சில்வேனியாவில் குடியேறியவன் கையில் அந்த ஊர் நீளத் துப்பாக்கி வராமல் இருந்தால்தான் அதிசயம். அரை அங்குலத் துளையுள்ள குழல், தீக்கல்லை எஃகில் அடித்துப் பொறி எழுப்பும் விசை, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிப்பது. சிங்கப்பூரில் இப்படி ஒன்றை வீட்டில் மாட்டி வைக்க நினைத்தாலே சட்டம் கதவைத் தட்டும். ஆசையை இந்தக் கடிதத்தோடு தீர்த்துக்கொள்கிறேன்.

இங்கே கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் பழகிய ஒன்றை நீ முதலில் மறக்க வேண்டும். எம்16 ராணுவத் துப்பாக்கி சுடாமல் நின்றால் உடனே ‘ஐஏ’, அதாவது தடையை நீக்கும் உடனடி நடவடிக்கை. யோசிப்பதற்குள் கை போய் இழுத்துவிடும். தீக்கல் துப்பாக்கியில் அந்தக் கைவேகம்தான் ஆபத்து. குழலின் பக்கத்துத் துளையை ஒட்டி வெளியே இருக்கும் கிண்ணியில் போட்ட மருந்து புஸ்ஸென்று எரிந்துவிட்டு, குழலுக்குள் இருப்பது சும்மா கிடக்கலாம். அல்லது உள்ளே ஒரு பொறி புகைந்துகொண்டிருந்து, நீ துப்பாக்கியை இறக்கிப் பார்க்கும் நேரத்தில் வெடிக்கலாம். ஆகவே தோளிலிருந்து எடுக்காதே. குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்க, குறைந்தது 60 விநாடி நில். பிறகு பக்கத்துத் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய், கிண்ணிக்குப் புது மருந்து போடு, மறுபடி சுடு.

புதிதாகக் கைக்கு வந்த துப்பாக்கி எதுவானாலும் உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள். மருந்தையும் குண்டையும் தள்ளிக் கெட்டிக்கும் கெசக்கோலை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் விரலால் பிடித்து வெளியே எடு. குழலுக்கு வெளியே வைத்து அளந்தால் கோலின் நுனி பக்கத்துத் துளை வரை வர வேண்டும். இரண்டு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலிக் குழலுக்குக் கோலில் ஒரு கோடு, சரியாகக் கெட்டித்த குழலுக்கு இன்னொரு கோடு போட்டுவை. அந்த இரண்டாவது கோடு உன் உயிருக்குக் காவல். குண்டு மருந்தின்மேல் உட்காராமல் நடுவழியில் நின்று, இடையில் காற்று இருந்தால் குழல் உப்பும், பிளக்கவும் செய்யும்.

மருந்து என்றால் கரிமருந்துதான்: வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைச் சிட்டிகை அளவுகூடச் சேர்க்காதே, குழல் சிதறிவிடும். கரிமருந்துக்குப் பதிலாக விற்கும் சரக்குகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்கும்; தீக்கல் பொறிக்கு அவை மசியாது. உன் துப்பாக்கிக்கு மூன்று எஃப் மருந்தில் (எஃப் கூடக் கூட மருந்து மணி சிறிதாகும்) 50 கிரெய்னிலிருந்து தொடங்கு, அதாவது சுமார் 3.2 கிராம். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாதே. மருந்தை நிரப்பி வைக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது. முந்தைய வெடியின் கங்கு ஒன்று அடியில் மிச்சமிருந்தால் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். அளவுக்குப்பியில் எடுத்து, அதிலிருந்து ஊற்று.

கெட்டிக்கும்போது தீக்கல்லைப் பிடித்திருக்கும் குதிரை இறங்கியிருக்கட்டும், கிண்ணியின் எஃகு மூடி திறந்திருக்கட்டும், உன் முகம் குழல்வாய்க்கு நேரே வேண்டாம். 0.490 அங்குல மென்மையான ஈயக்குண்டு, அதைச் சுற்றி எண்ணெய் தடவிய 0.015 அங்குலப் பருத்தித் துணித் துண்டு. நைலான் கலந்த துணி உருகிக் குழலில் ஒட்டும். கோலைக் குழல்வாய்க்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சிறிது சிறிதாகத் தள்ளு. மேலே பிடித்து ஓங்கி அழுத்தினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் பாயும். பழகியவர்களுக்கும் நடக்கிற விபத்து இது.

கிண்ணி மருந்து கடைசியில், சுடும் கோட்டில் நின்ற பிறகுதான். குதிரையைப் பாதி இழுப்பில் வை. நான்கு எஃப் மருந்தில் இரண்டு மூன்று கிரெய்ன் போதும். நிறையப் போட்டால் நன்றாகப் பற்றும் என்று தோன்றும், நேர்மாறாகத்தான் ஆகும். துளையை மருந்து மூடிவிட்டால் அது திரிபோல எரிந்து உள்ளே போக வேண்டும், ‘புஸ்... டும்’ என்று இரண்டாகக் கேட்கும். துளைக்குக் கீழே மட்டமாக நின்றால் சுடர் நேரே உள்ளே தாவும், ஒரே சத்தம். பொறியே வரவில்லையா? கல் மழுங்கியிருக்கும், அல்லது எஃகில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சுடும் முன் ஆல்கஹாலால் துடைத்துவிடு. கல்லைத் தோலில் சுற்றி, முனை முழுவதும் எஃகில் படும்படி இறுக்கு. துளையிலிருந்து பக்கவாட்டில் தீ சீறும் என்பதால் வலப்பக்கம் யாரையும் நிற்க விடாதே. கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

விசையை அழுத்தியதும் தலையைத் தூக்காதே. எம்16-ஐவிடக் கண்ணிமைப்பொழுது தாமதம் இதில் உண்டு. புகை கலையும் வரை குறியிலேயே இரு.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடை, கங்கும் அணையும். வீடு திரும்பியதும், காப்பி குடிப்பதற்கு முன், சோப்புத் தண்ணீர். கரிமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரவோடிரவாகத் துருவாக்கும். நம் ஊர்ப் புழுக்கம் அங்கே இல்லை என்று அசந்துவிடாதே. காயவைத்து எண்ணெய் பூசி, மறுநாள் காலை ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடு. செம்மண் நிறம் ஒட்டிவந்தால் மறுபடி முதலிலிருந்து.

அன்புடன்,
கதிர்