டிஸ்கோ மேடையில் தனி வயலின்

ஆசிரியர் அவர்களுக்கு,

றொக் வயலின் கலைஞர் பாப்பா ஜோன் கிரீச் 1970களின் பிற்பகுதியில் டிஸ்கோ நடன இசையின் பக்கம் திரும்பியதைச் சந்தைக்கு விலைபோன செயலாக உங்கள் ஞாயிறு மலரில் எழுதியிருந்தார்கள். எங்களால் அதை ஏற்க முடியவில்லை. 1917 இல் பென்சில்வேனியாவில் பிறந்த அந்த மனிதர் ஜெபர்சன் எயர்பிளேன் என்ற றொக் குழுவில் சேர்ந்ததே 1970 இல்தான். அதுவரை ஹோட்டல்களிலும் கேளிக்கை விடுதிகளிலும் வாசித்துப் பிழைத்தவர். ஆடுபவர்களுக்கு வாசிப்பது அவருக்குப் பழகிய தொழில். இடையில் வந்தது றொக் தான்.

டிஸ்கோவும் வயலினுக்கு அந்நியமான இசை அல்ல. பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் கலையகத்தில் எம்.எஃப்.எஸ்.பி குழு பதிந்த இசையைக் கேட்டால் தெரியும், பாதிப் பாட்டை வயலின்கள்தான் தூக்கி நிறுத்துகின்றன. ஆனால் அது பலர் ஒரே வில்லாக வாசிக்கும் கூட்டு வயலின். தனி ஒருவர், அதுவும் புளூஸ் பாணியில் சுரத்தை இழுத்துப் பின்தங்கி வாசிப்பவர், அந்தத் தாளத்தின் மேல் நிற்பதுதான் கஷ்டம். திருவிழா மேடைகளில் நம்மூர் இசைக்குழுக்கள் வயலினை ஒக்டோபாட்டுடன் (மின்னணுத் தாளப் பலகை) சேர்க்கும்போது சறுக்குவதும் இதே இடத்தில்தான். சத்தத்தைக் கூட்டினால் சரிவரும் என்று நினைக்கிறார்கள்.

டிஸ்கோவின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 முதல் 130 அடி. 120 என்று வைத்தால் ஓர் அடிக்கு அரைச் செக்கன். அதைத் தகதிமி என்று பிரித்தால் பேஸ் டிரம் ஒவ்வொரு ‘த’விலும் விழும், திறந்த ஹை-ஹட் (காலால் இயக்கும் இணைத் தாளத்தட்டு) ‘தி’யில் சீறும். வயலின்காரர் புதிய வில்லை அந்தத் ‘தி’யில் தொடங்கினால் வில்லின் உராய்வும் ஹை-ஹட்டின் சீறலும் ஒன்றாகிச் சுரம் காணாமல் போய்விடும். வில்லை ‘த’வில் எடுத்து ‘தி’க்கு மேலாக இழுத்துச் செல்லவேண்டும். ஜாருவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வதும்) அப்படியே: அடிக்கு முன்பே கிளம்பி ‘த’வில் போய்ச் சேரவேண்டும், ‘த’வில் கிளம்பக்கூடாது. பைலாவில் ஊறிய கைக்கு இது இலேசில் வராது; ஆறெட்டு ஊசலாட்டம் தானாகவே உள்ளே புகுந்துவிடும்.

அடுத்தது தந்தி. பாடகரின் கட்டைக்கு (சுருதிக்கு) ஸ-ப-ஸ-ப என்று இறக்கிக் கட்டிய தந்தி தளர்ந்திருக்கும். கமகத்துக்கு அது சுகம். 120 வேகத்தில் ஓர் அடிக்கு நாலு சுரம் வெட்டி வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைப்பது 0.125 செக்கன்தான், தளர்ந்த தந்தி பேசத் தொடங்குமுன் வில் திரும்பிவிடும். இந்த வேலைக்கென்று இன்னொரு வயலினை ஜி-டி-ஏ-ஈ என்ற மேற்கத்தியச் சுருதியில் கட்டி வைப்பதே நல்லது. நின்று வாசிப்பதானால் தோள்தாங்கி வேண்டும். இல்லாவிட்டால் இடக்கை வயலினைத் தாங்குவதிலேயே மாட்டிக்கொள்ளும், கீழிறங்கும் ஜாரு இடறும்.

இனிச் சவுண்ட்காரர்களுக்கு. வயலின் பாலத்தில் பொருத்தி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பியசோ பிக்கப்பை நேரே மிக்சரில் செருகாதீர்கள். அதற்கு 1 மெகாஓம் அளவிலான உள்ளீடு வேண்டும். மிக்சரின் மைக் உள்ளீட்டில் சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். கீழ்ச் சுரங்கள் கரைந்து கீச்சொலி மட்டும் மிஞ்சுவது அதனால்தான். இடையில் ஒரு பிரீஅம்ப் (முன்பெருக்கி) போட்டால் தீர்ந்தது. ஜி தந்தியே 196 ஹேர்ட்ஸ் என்பதால் 180க்குக் கீழே வெட்டலாம், பேஸ் டிரம்மின் அதிர்வு வயலின் வழியாகத் திரும்பி வராது. (கட்டைக்கு இறக்கிய வயலினில் அவ்வளவு மேலே வெட்டினால் மந்தர ஸட்ஜமே போய்விடும்.) ஊளையிட்டால் முதலில் 280 ஹேர்ட்ஸ் பக்கம் பாருங்கள், வயலின் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒத்ததிரும் இடம் அது. காது குத்தினால் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைக்கலாம்.

நம் மேடைகளில் தாராளமாக ஊற்றும் எக்கோவை இதற்குக் கட்டாயம் நிறுத்தவேண்டும். எதிரொலி வேண்டுமென்றே நினைத்தால், 120 வேகத்துக்கு டிலேயை (எதிரொலி திரும்பும் இடைவெளியை) 375 மில்லிசெக்கனில் வைத்து, ஒருமுறை மட்டும் திரும்ப விடுங்கள்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியர்கள் இருவர்,
யாழ்ப்பாணம்.