செயலாளர் ஆண்டறிக்கை: பெற்றோரின் மது, புகையிலைப் பழக்கமும் குழந்தை வளர்ச்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பென்னாகரம் வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நோட்டுப் புத்தகம் வழங்குதல், கண் பரிசோதனை முகாம் முதலிய வழக்கமான பணிகள் இந்த ஆண்டும் நடந்தன. அவற்றின் விவரம் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் உள்ளது. சென்ற பொதுக்குழு தனியே ஒப்படைத்த பணி ஒன்று உண்டு. பெற்றோரின் மது, புகையிலைப் பழக்கம் பிள்ளையின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது என்று ஊர்தோறும் எடுத்துச் சொல்லும் அந்தப் பணியைப் பற்றியே இவ்வறிக்கை பேசுகிறது.

“நம் பக்கத்துப் பெண்கள் எங்கே குடிக்கிறார்கள்?” என்ற ஆட்சேபம் முதலிலேயே எழுந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் மது அருந்துவோர் சுமார் 1 சதவீதம், ஆண்களில் சுமார் 19 சதவீதம் என்பதால் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் மூத்த உறுப்பினர் ஒருவர், மார்கழிக் குளிரில் சளி பிடித்திருந்த கர்ப்பிணி மருமகளுக்கு வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி கலந்து கொடுத்ததைச் சொல்லி, “அது மருந்துதானே சார், குடியா?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்களில் பலர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அதன் பிறகு நமது பேச்சைக் கர்ப்பிணிகளோடு நிறுத்தாமல் மாமியார்களிடமும் கொண்டுபோக முடிவு செய்தோம்.

அங்கே நாம் சொன்னது இதுதான். தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே கருவுக்குச் செல்கிறது. கருவின் கல்லீரல் முதிராதது என்பதால் அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதற்கு மிகக் குறைவு. பிராந்தியோ, பீரோ, கள்ளோ, உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றே. இவ்வளவு அருந்தினால் பாதகமில்லை என்று எந்த அளவும், இந்த மாதத்தில் ஆபத்தில்லை என்று எந்த மாதமும் மருத்துவத்தில் உறுதி செய்யப்படவில்லை. பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவர் 1968இல் குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் ஆகிய மருத்துவர்கள் கருவில் மதுவால் நேரும் இப்பாதிப்புக்கு ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டனர். சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமின்மை, மெல்லிய மேலுதடு, குறைந்த வளர்ச்சி ஆகியவை அவர்கள் கண்ட அடையாளங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த முக அடையாளங்கள் இருப்பதில்லை. திங்கட்கிழமை ஒப்பித்த வாய்ப்பாட்டைப் புதன்கிழமை மறந்து நிற்பதும், செய்ததன் விளைவை உணராமல் அதையே திரும்பச் செய்வதும் மூளை பாதிப்பால் வரக்கூடும். வகுப்பிலோ அது சோம்பலாகவும் திமிராகவும் தண்டிக்கப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்கிறேன். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளையெல்லாம் “குடிகாரன் வீட்டுப் பிள்ளை” என்று முத்திரை குத்தும் போக்கு ஓரிரு ஊர்களில் தலைகாட்டியது. இரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, காது கேளாமை என்று வேறு பல காரணங்களும் இருக்க, அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. அத்தகைய பிள்ளைகளைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பதோடு நமது பங்கு முடிகிறது. பழிக்கு அஞ்சும் தாய் கிராமச் செவிலியரிடம் எதையும் சொல்லமாட்டாள்.

மதுவைவிட நம் பெண்களிடம் பரவலாக இருப்பது வெற்றிலையோடு போடும் புகையிலை. அதிலுள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கருவுக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பதால் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் நேர்கின்றன. கணவர் வீட்டுக்குள் விடும் பீடிப் புகையும் கெடுதலே. களையெடுக்கும்போது பசி தெரியாமலிருக்கப் போடுகிறோம் என்கிறார்கள்; பசிக்கு வழி சொல்லாமல் புகையிலையை மட்டும் விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்பது என் கருத்து.

ஆண்களுக்கான கூட்டத்தைச் சனிக்கிழமை மாலையில் வைத்தோம். கூலி கைக்கு வரும் அந்த நேரத்தில் யாரும் வராததன் காரணத்தை இந்த அவை அறியும். ஞாயிறு காலை டீக்கடை அருகே வைத்தபோது வந்தார்கள். பிறந்த பிறகும் தகப்பனின் குடி பிள்ளையை விடுவதில்லை என்பதையே அங்கு வலியுறுத்தினோம். இரவில் சண்டை, கெட்ட தூக்கம், மறுநாள் பள்ளிக்கு மட்டம், அரிசிக்கு வைத்த பணம் மதுக்கடைக்குப் போவது என்று அது தொடர்கிறது. 9,500க்கும் மேற்பட்டோரின் பதில்களைக் கொண்டு 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வீட்டில் குடி, வன்முறை போன்ற துன்பங்களைச் சிறுவயதில் எவ்வளவு அதிகமாகக் கண்டார்களோ, பெரியவர்களான பின் அவ்வளவுக்குக் குடியும் நோயும் அவர்களிடம் கூடியிருந்ததைக் காட்டியது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தம்பதியரின் பிள்ளைகள், பாட்டி வீட்டில் விடப்பட்டாலும் வேலையிடத்துக் கொட்டகையில் வளர்ந்தாலும், நமது கூட்டங்களுக்கு எட்டாமலே இருக்கிறார்கள்.

ஆகவே வரும் ஆண்டில் ஞாயிறு காலைக் கூட்டங்களைத் தொடரவும், பொங்கலுக்கு ஊர் திரும்பும் குடும்பங்களைத் தனியே சந்திக்கவும், மனநல உதவிக்கான 14416, போதை மீட்புக்கான 14446, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய எண்களை ரேஷன் கடைகளின் சுவரில் எழுதவும் செயற்குழு முன்மொழிகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவுகளையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்